இரண்டாவது எடை

ஒரே நாளில், ஒரே அங்கன்வாடியில், ஒரே தராசில் இரண்டு ஆண் குழந்தைகளை எடை போடுவதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஆறு மாதம். இருவரும் 6.5 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி அந்த வயது ஆண் குழந்தைக்கு நடுமதிப்பு 7.9 கிலோ, எடைக்குறைவு என்று எழுதுவதற்கான எல்லை 6.4 கிலோ. இருவரும் எல்லைக்கு நூறு கிராம் மேலே இருக்கிறார்கள். தாய் சேய் அட்டையில் இரண்டு புள்ளிகளும் பச்சைப் பகுதிக்குள் விழுகின்றன. ஆனால் ஒரு குழந்தை 2.3 கிலோவில் பிறந்து, மாதாமாதம் ஏறி இங்கே வந்திருக்கிறது. மற்றது 3.6 கிலோவில் பிறந்து, நான்காம் மாதம் 6.4 கிலோவைத் தொட்டு, அடுத்த இரண்டு மாதத்தில் வெறும் நூறு கிராம் கூடியிருக்கிறது. முன்னது மீண்டுகொண்டிருக்கிறது, பின்னது சரிந்துகொண்டிருக்கிறது. சரிகிற குழந்தைக்குத்தான் இன்று கை தேவை. அடுத்த மாதம் அது அட்டையின் மஞ்சள் பகுதிக்குள் இறங்கிய பிறகு கொடுக்கும் கை தாமதமான கை. தராசுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பச்சை நிறத்துக்கும் தெரியாது. முன்பு ஒரு முறை அதே குழந்தையைத் தூக்கியவருக்கு, அல்லது அவர் எழுதிவைத்த எண்ணைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும்.

மருத்துவம் படித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. அதிலிருந்து கிளம்பி நெடுநாளாக உறுத்துவது வேறொன்று. முதல் எடைக்கு இரண்டாவது எடைதான் பொருள் தருகிறது என்றால், குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணிக்கும் வேலையின் உயிர் திரும்பி வருவதில் இருக்கிறது. அதே குழந்தை, அதே இடம், கூடுமானவரை அதே ஆள், அடுத்த மாதமும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், மாத்தூர், ஒரகடம் என்று நீளும் தொழிற்பட்டை எழும்பியிருப்பதோ, வேலை செய்பவர் யாரும் ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டியதில்லை என்ற அடித்தளத்தின்மேல். ட்ரெய்னி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட் என்று பெயர்கள் மாறும். சில மாதங்களுக்கோ ஓரிரு வருடங்களுக்கோ ஒருமுறை ஆள் மாறுவது மாறாது. லைன் வீட்டின் ஓர் அறையில் இந்த ஆண்டு இருக்கும் குடும்பம் அடுத்த ஆண்டு படப்பையிலோ ஓசூரிலோ, ஒடிசாவிலோ பீகாரிலோ உள்ள சொந்த ஊரிலோ இருக்கும். ஆலைகளுக்கே நிலைப்பு இல்லை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது. ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் வகுப்புக்குப் போகும் காலம் அது. அந்த எட்டு வருடத்தை நம்பித் திருமணம் செய்து, அறை எடுத்து, குழந்தை பெற்றவர்கள் எங்கெல்லாமோ கலைந்தார்கள். கலைந்தவர்களோடு குழந்தைகளின் வளர்ச்சிக் கோடுகளும் கலைந்தன. நிலைத்திருந்தால் மட்டுமே தெரியக்கூடிய ஒன்றை, நிலைத்திருக்க விடாத இடத்தில் எப்படிப் பார்ப்பது? இந்தக் கட்டுரை சுற்றிச் சுற்றி வருவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

சரிவைப் பிடிப்பதுதான் முக்கியம் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டிய இடங்களில் தமிழ்நாடு ஒன்று. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டது. எல்லாக் குழந்தைக்கும் எப்போதும் உணவு என்று அது போகவில்லை. கடுமையாக மெலிந்த குழந்தையோடு, எடை ஏறவேண்டிய அளவு ஏறாமல் நின்றுபோன குழந்தையையும் கண்டுபிடித்து, குறிப்பிட்ட காலம் சத்துணவு கொடுத்து, கோடு மறுபடி ஏறத் தொடங்கியதும் விடுவித்தது. அந்தந்த ஊரிலேயே வாழ்ந்த பெண்கள்தான் ஊட்டச்சத்துப் பணியாளர்கள். தராசைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்குப் போன வாரம் வயிற்றுப்போக்கு என்று தெரியும். திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்ததை உலக வங்கியின் மதிப்பீடுகள் பதிவுசெய்தன. இரண்டு ஆண்டு கழித்து 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் நேரெதிர் நியாயத்தில் நின்றது: பசிக்கு முன்னால் தேர்வு கூடாது, எல்லோருக்கும் சோறு. இரண்டுமே தேவைப்பட்டன. ஆனால் சத்துணவு நம் பொது நினைவில் ஆழமாகத் தங்கியிருக்கிறது; மாதாமாதம் திரும்பி வந்த அந்தப் பெண்களின் தராசு தங்கவில்லை. உணவு கண்ணுக்குத் தெரிகிறது. கவனிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பை எதிர்கொள்ளாமல் நகர முடியாது. எடை போடுவதால் எதுவும் ஆகாது என்பதற்கான ஆய்வும் தமிழ்நாட்டிலிருந்தே வந்திருக்கிறது. சாபு ஜார்ஜ், மைக்கேல் லேத்தம், ராஜரத்தினம் ஏபெல் முதலியோர் நம் 12 கிராமங்களில் நடத்தி 1993-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. எல்லாக் கிராமங்களுக்கும் ஊட்டச்சத்து அறிவுரையும் மருத்துவக் கவனிப்பும் கிடைத்தன. பாதிக் கிராமங்களில் மட்டும் அவற்றோடு வளர்ச்சி அட்டையும் முறையான எடைபோடுதலும் சேர்ந்தன. முப்பது மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பக்கமும் முன்னேறியிருந்தது, வேறுபாடு இல்லை. அட்டை கூடுதலாக எதையும் தரவில்லை. இதை வைத்துக்கொண்டு தராசைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த முடிவை இன்னொரு முறை பொறுமையாகப் படிக்க வேண்டும். அட்டை இல்லாத கிராமங்களிலும் அறிவுரையும் கவனிப்பும் தரும் ஆள் இருந்தார். குழந்தையை முன்பு பார்த்தவர், மறுபடியும் பார்க்கிறவர். அவர் இருக்கும் இடத்தில் அட்டை மிகை. அவருடைய நினைவே அட்டை. அப்படியானால் அந்த ஆய்வு சொல்வது, காப்பாற்றுவது காகிதத்தில் உள்ள கோடு இல்லை, அந்தக் கோட்டை மனத்தில் வைத்திருக்கும் மனிதர் என்பதை. அவரும் இல்லாமல் அட்டையும் இல்லாமல் இருக்கும் இடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. தொழிற்பட்டையின் வாடகை அறைகள் அந்த மூன்றாவது வகை. பக்கத்து அறைக்காரருக்கு இந்தக் குழந்தை போன மாதம் எப்படி இருந்தது என்று தெரியாது. போன மாதம் அவரே அங்கில்லை. நினைவு இல்லாத இடத்தில்தான் எழுத்து கட்டாயமாகிறது.

எந்தக் கோட்டோடு ஒப்பிடுகிறோம் என்பதும் சும்மா விட்டுவிடக்கூடியதில்லை. நம் குழந்தைகளை அயல்நாட்டுக் குழந்தைகளின் அளவில் வைத்துப் பார்ப்பது அநியாயம், நாம் இயல்பிலேயே சிறுத்த உடல்வாகு என்ற பேச்சு படித்தவர்களிடையேயும் உண்டு. இன்று நாம் பயன்படுத்தும் அளவுகோல் 1997 முதல் 2003 வரை பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, தெற்கு டெல்லி, நார்வேயின் ஓஸ்லோ, ஓமானின் மஸ்கட், கலிஃபோர்னியாவின் டேவிஸ் ஆகிய ஆறு இடங்களில் சுமார் 8,500 குழந்தைகளை வைத்து உருவானது, 2006-இல் வெளியானது. தாய்ப்பால் குடித்த, தாய் புகைபிடிக்காத, வளர்ச்சியைத் தடுக்கும் வறுமை இல்லாத வீட்டுக் குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். உடல் நீளத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் ஒரே ஊரின் குழந்தைக்கும் குழந்தைக்கும் இடையிலானது; ஊருக்கும் ஊருக்கும் இடையிலானது 3 சதவீதம்தான். டெல்லியின் வசதியான வீட்டில் பிறந்த குழந்தை ஓஸ்லோ குழந்தையைப் போலவே நீண்டது. இந்திய நகரத்து மேல்தட்டை வைத்து இந்தியா முழுமைக்கும் எல்லை வகுக்கலாமா என்ற கேள்வி மருத்துவர்களிடையே இன்னும் ஓயவில்லை. எல்லைக்கோட்டின் ஓரத்தில் நிற்கும் சிலர் தவறாகக் குறிக்கப்படலாம் என்பதும் நியாயமான ஐயம். ஆனாலும் மையமான செய்தி அசையவில்லை. நிலைமைகள் ஒத்திருந்தால் குழந்தைகள் ஒத்து வளர்கிறார்கள். அப்படியென்றால் ஓர் ஊரில் குழந்தைகளின் கோடுகள் கூட்டமாகக் கீழே இறங்கும்போது அங்கே அளக்கப்படுவது அந்த ஊர். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் ஆலைகள் உள்ள மாநிலத்தின் எண் இது.

எடைக்கும் உயரத்துக்கும் அப்பால் இன்னொரு கண்காணிப்பு இருக்கிறது: எப்போது தலை நின்றது, எப்போது குப்புற விழுந்தது, எப்போது முகம் பார்த்துச் சிரித்தது, எப்போது உட்கார்ந்தது, எப்போது பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியது. இதில் தமிழுக்கு நீண்ட பழக்கம் உண்டு. ஒட்டக்கூத்தர் காலம் முதல் எழுதப்பட்டுவரும் பிள்ளைத்தமிழ் குழந்தையின் வயதைப் பருவம் பருவமாகப் பகுத்தது. ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம். கை கொட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம். தளர்நடையிட்டு வரும் வருகைக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று. மாதக் கணக்கில், இவற்றுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விலும் குழந்தை தானாக நடக்கும் சராசரி வயது 12 மாதத்தை ஒட்டியே வருகிறது. ஆனால் இயல்பான வீச்சு 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டி நீள்கிறது. தவழாமலேயே நடந்துவிட்ட குழந்தைகள் நூற்றுக்கு நான்கு பேர். 2022-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் தன் பட்டியலிலிருந்து தவழ்தலையே எடுத்துவிட்டது. இப்படி எல்லை நெகிழ்ந்துகொண்டே போனால் படிநிலைகளைக் குறித்துவைப்பதற்கு என்ன மதிப்பு, தாயின் பதற்றத்தைக் கூட்டுவதைத் தவிர, என்று கேட்கலாம். பிள்ளைத்தமிழின் அமைப்பிலேயே இதற்கு ஒரு பதில் உண்டு. அங்கே எந்தப் பருவமும் குழந்தையிடம் தனியாக நிகழ்வதில்லை. ஆடுக, கொட்டுக, தருக, வருக என்று அழைக்க ஒருவர் எதிரே இருக்கிறார். படிநிலை என்பது குழந்தைக்கும் அதை அழைப்பவருக்கும் நடுவில் நிகழ்வது. வீச்சு அகலமாக இருப்பதால்தான் ஒரே நாளில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பலமுறை பார்த்தவரால்தான் இது தாமதமா அல்லது இந்தக் குழந்தையின் நடையே இதுவா என்று பிரிக்க முடியும். நெகிழ்ந்த எல்லை தொடர்ந்த பார்வையை இன்னும் கூடுதலாகவே கேட்கிறது.

அந்தப் பார்வை யாருடையது? 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து, பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை என்பது ஓரிடத்தில் வருடம் முழுவதும் இருக்கும் குழந்தையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. ஒன்றரை வயதுக் குழந்தை இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று வைத்துக்கொள்வோம். தாய் ஒடியா பேசுகிறார், அங்கன்வாடி டீச்சர் தமிழ் பேசுகிறார், எதிர் அறையில் இந்தி, கைப்பேசியில் கார்ட்டூன் வேறொரு மொழியில். குழந்தை பேசாதது காது கேளாததாலா, பேசுவதற்கு ஆள் இல்லாததாலா, அது சொல்லும் சொல் கேட்பவருக்குப் புரியாததாலா? மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. முதலாவது என்றால் ஒவ்வொரு மாதமும் இழப்பு. பன்மொழிச் சூழல் குழந்தைக்குக் கேடு செய்வதில்லை. அச்சூழலில் யாரும் அதனோடு தொடர்ந்து பேசாதிருப்பதுதான் கேடு. இதைப் பிரித்தறிய கையடக்கக் கருவிகள் நம் பக்கத்திலேயே பிறந்திருக்கின்றன. 1991-இல் திருவனந்தபுரத்தில் எம்.கே.சி. நாயர் குழுவினர் உருவாக்கிய பதினேழு கேள்விப் பட்டியலை ஓர் அங்கன்வாடிப் பணியாளர் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். கருவிக்குப் பஞ்சமில்லை. கேள்விகளுக்குப் பதில் சொல்ல, பகல் முழுதும் குழந்தையோடு இருந்த ஒருவர் எதிரே உட்கார வேண்டும். அவர் அந்நேரம் ஷிப்டில் இருக்கிறார்.

வேலை நேரம்தான் இங்கே முடிச்சு. 2017-இல் மகப்பேறு பயன் சட்டத்தில் வந்த திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. 26 வாரம் என்பது ஏறக்குறைய ஆறு மாதம். தாய்ப்பால் மட்டுமே போதும் என்ற காலம் முடிந்து, இணை உணவு தொடங்கும் அதே வாரத்தில் தாய் ஆலைக்குத் திரும்ப வேண்டும். பல நாடுகளின் தரவுகளை ஒப்பிட்ட ஆய்வுகள் வளர்ச்சிக் கோடு கூர்மையாகச் சரியும் காலம் பிறந்த சில மாதத்திலிருந்து இரண்டு வயது வரை என்று காட்டுகின்றன. அந்த வயதில் உணவு கிடைப்பது மட்டும் போதாது. நாளுக்கு மூன்று நான்கு முறை மசித்து, மடியில் வைத்து, துப்பினால் பொறுத்து மறுபடி ஊட்ட ஒரு கை வேண்டும். அங்கன்வாடியில் நாள் முழுக்க உட்கார இடம் கிடைப்பது இரண்டு வயதுக்குப் பிறகு. அதற்கு முன் குழந்தையை யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் எடையும் சத்துமாவும். போக வேண்டிய நேரம் பகல். விடியலில் கம்பெனி பஸ் ஏறியவராலும், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குபவராலும் போக முடியாத நேரம். எனவே சரிவு தொடங்கும் வயதும், சட்டத்தின் விடுப்பு முடியும் வயதும், அங்கன்வாடியின் முழுநாள் பார்வை இன்னும் தொடங்காத வயதும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. குழந்தை இருப்பதையே இடையூறாகக் காணும் மனநிலை இதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இந்தப் பட்டையில் கைப்பேசி பூட்டும் ஆலை ஒன்றில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது; நிறுவனம் மறுத்தது; தேசிய மனித உரிமை ஆணையம் அரசுகளிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதல்வர் திறந்துவைத்தார். பாதுகாப்பான விடுதி பெரிய தேவை, சந்தேகமில்லை. ஆனால் தனியாக வரும் இளம்பெண்ணுக்குப் படுக்கை கட்டத் தெரிந்த ஒரு தொழில் ஏற்பாடு, அவள் தாயாகும் நாளுக்கு இன்னும் திட்டம் போடவில்லை.

ஆலைகள் வந்ததால்தானே கூலி வந்தது, கூலி வந்தால் குழந்தை தானாக வளராதா என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. ஏரிப் பாசன விவசாயம் சுருங்கிய கிராமங்களில் மாதச் சம்பளம் முட்டையையும் பாலையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது. பெண்ணின் கையில் பணம் இருந்தால் அது குழந்தையின் தட்டுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். ஆனால் கூலி வாங்கித் தரக்கூடியது உணவுப்பொருளை. ஊட்டும் நேரத்தை அந்தக் கூலிக்காகத்தான் விற்றிருக்கிறோம். இன்னொரு மறுப்பு தொழில்நுட்பத்தின் பக்கமிருந்து வருகிறது: 2021 முதல் அங்கன்வாடிகளுக்கான போஷன் டிராக்கர் செயலி இருக்கிறது, கர்ப்பத்திலேயே பிக்மி என்ற பதிவு எண் கொடுக்கப்படுகிறது, குடும்பம் இடம்பெயர்ந்தால் பதிவையும் மாற்றிக்கொள்ளலாம், எனவே தொடர்ச்சிக்குக் குறையில்லை. பதிவு பயணம் செய்வது நல்லதுதான்; முன்னெப்போதும் இல்லாத வசதி. ஆனால் செயலியில் முந்தைய எண் இருப்பது, இன்று குழந்தையைத் தராசில் வைப்பதற்கு ஈடாகாது. வாடகை அறையின் கதவைத் தட்டி, புதிதாக வந்திருக்கிறீர்களா, குழந்தை இருக்கிறதா என்று கேட்க ஒருவருக்கு நேரமும் மொழியும் வேண்டும். ஓர் அங்கன்வாடிப் பணியாளரின் பதிவேட்டில் சேராமலேயே குழந்தைகள் வந்துபோகும் ஊரில், செயலியின் சதவீதம் எவ்வளவு உயர்ந்தாலும் அது சேர்ந்தவர்களின் சதவீதம்.

பாட்டிகள் எந்த அட்டையும் இல்லாமல் வளர்த்தார்களே, எடை போட்டால் கண் படும் என்று ஒதுங்கியவர்கள்கூட நல்ல பிள்ளைகளை வளர்த்தார்களே என்பதும் கேட்க வேண்டிய குரல். கண்பட்டுவிடும் என்ற அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. அந்நியர் ஒருவர் குழந்தையை ஓர் எண்ணாக்கி எடுத்துப்போவதில் உள்ள ஆபத்தை அது தன் வழியில் உணர்ந்திருக்கிறது. ஏனென்றால் எண் அடிக்கடி தாயின் மீதே திரும்புகிறது. கோடு தட்டையானால், நீ சரியாகக் கொடுக்கவில்லை, பிஸ்கட் கொடுத்துப் பழக்கிவிட்டாய், சுத்தமில்லை என்ற அறிவுரை பன்னிரண்டு மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருந்தவளிடம் சொல்லப்படுகிறது. அளப்பது இப்படிக் குற்றம் சாட்டுவதாக முடியுமானால் தாய் அடுத்த மாதம் வரமாட்டாள். இரண்டாவது எடை அங்கேயே செத்துப்போகும். பாட்டி அளக்காமல் அளந்தாள், குற்றம் சொல்லாமல் திருத்தினாள், கூடவே இருந்தாள். அவளை அட்டையால் ஈடுகட்ட முடியாது. ஆனால் பாட்டி இருக்கும் ஊருக்கும் மருமகள் வேலை செய்யும் ஊருக்கும் நடுவே இன்று ஆயிரம் கிலோமீட்டர் இருக்கலாம். பலர் குழந்தையையே அந்த ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்தக் குழந்தையின் கோடு ஜார்க்கண்டின் ஏதோ ஒரு பதிவேட்டில் ஏறும் அல்லது இறங்கும். காஞ்சிபுரம் மாவட்டக் கணக்கில் வராது. ஆனாலும் அதன் தாயை இங்கே வரவழைத்த வேலையும், அவளுக்குக் குழந்தையோடு இருக்க இடம் தராத ஏற்பாடும் இந்தப் பட்டையுடையவை.

ஆகவே வளர்ச்சி அட்டையை யாருக்கு எதிரே வைத்துப் படிப்பது என்பதை மாற்ற வேண்டும். நிலம், நீர், மின்சாரம், சாலை என்று ஒரு தொழிற்பேட்டைக்கு வேண்டியவற்றைக் கணக்கிடும்போதே, அங்கே பிறக்கப்போகும் குழந்தைகளை ஷிப்ட் நேரத்தோடு ஒத்துத் திறந்திருக்கும் காப்பகத்தில், மாதாமாதம் அதே ஆள் எடை போடுவதற்கான ஏற்பாடும் கணக்கில் வர வேண்டும். சட்டம் சொல்லும் காப்பகம் கான்ட்ராக்ட் தொழிலாளியின் குழந்தைக்கும் உரியதாக இருக்க வேண்டும். அவரை வேலைக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனத்தின் தோளில் தள்ளிவிட்டுப் பேசக்கூடாது. எடை போடச் செல்லும் அரை நாள் சம்பளத்தோடு கூடியதாக வேண்டும். ஊராட்சி வாரியாக இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எத்தனை பேர் தொடர்ந்து மூன்று மாதம் எடை போடப்பட்டார்கள் என்ற ஓர் எண்ணை மட்டும் வெளியிட்டாலே போதும், இந்தப் பட்டை தன் குழந்தைகளை எவ்வளவு பார்க்கிறது என்பது தெரிந்துவிடும். இவை எதுவும் பெரிய செலவில்லை, பெரிய கண்டுபிடிப்பும் இல்லை. 1980-இல் கிராமத்துப் பெண்களைக் கொண்டு செய்துகாட்டியதை, நிலைத்திருக்காத மனிதர்களுக்காக இன்னொரு முறை செய்வதுதான். ஆறாம் மாதத்தில் ஒரு கோடு தட்டையானால் அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவள் தாய் என்று நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். அந்தக் கேள்வியை, அவளுடைய நாளின் நேரத்தை வகுத்தவர்களிடம் முதலில் கேட்கும்போதுதான் எடை போடுவது குழந்தைக்குச் செய்யும் உதவியாகத் தொடங்கும்.